காதர் பாய் தாடிக்கு மருதாணி

அத்தியாயம் பதினொன்று

வியாழக்கிழமை காலைகளில் கசார்வாடித் தொழிற்பேட்டை அமைதியாக இருக்கும். பிம்ப்ரி பக்கத்துப் பட்டறைகளுக்கெல்லாம் அன்றுதான் வார விடுமுறை. இரும்பும் இரும்பும் உரசாத அந்த ஒரு நாளை நம்பித்தான் ஆஃபியா படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

மகர்பட்டாவில் நல்ல வேலையில் இருந்தவள். அதை விட்டுவிட்டு ‘ஆறு மணிச் சங்கு’ என்று சொந்தமாக ஒரு படத்தைத் தொடங்கினாள். தகரக் கூரையில் பெய்த மழையின் சத்தத்துக்கு இரண்டு காட்சிகளைப் பலி கொடுத்தாள். முதல் கேமராமேனை ஒரு கல்யாண வீடியோவுக்குப் பறிகொடுத்தாள். கதாநாயகன் கிடைக்காமல், ஆயில் சீல் கடை வைத்திருக்கும் தன் வாப்பா ஷேக் முகைதீனையே நடிக்க வைத்தாள்.

அதில்தான் வீடு இரண்டானது. “வாப்பாவ ஊரு சிரிக்க வைக்காத” என்று அவளுடைய அண்ணன், காக்கா அஸ்ஃபாக், சண்டை போட்டான். வாப்பாவும் விடவில்லை. மறு மாதமே அவன் மனைவி ஃபரீனோடு நகரின் மறுகோடியிலுள்ள மகர்பட்டாவுக்குத் தனிக்குடித்தனம் போய்விட்டான். முதலில் வாப்பாவும் மகனும் கோபத்தில் பேசாமல் இருந்தார்கள். பிறகு கோபம் போய்விட்டது; பேசாமல் இருப்பது மட்டும் தங்கிவிட்டது. சண்டையை முடிக்க ஒரு மன்னிப்பு போதும். பழகிப்போன மௌனத்தை எங்கிருந்து முடிப்பது என்று இருவருக்குமே தெரியவில்லை.

இன்று படத்தின் கடைசி நாள்.

படத்தின் கதை முழுக்க ஒரே நாளில் நடக்கிறது. ஒரு லேத் பட்டறையில் காதர் பாய்க்குக் கடைசி வேலை நாள். காலையில் வருகிறார், மாலையில் போகிறார், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு நாளை வியாழன் வியாழனாக மாதக்கணக்கில் எடுத்ததால், காலையில் இருந்த தாடிதான் மாலையிலும் இருக்க வேண்டும். ஒலிப்பதிவு, உடை, ஒப்பனை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்ட ரோஹிணி, ஒவ்வொரு வாரமும் ஃபோனில் இருக்கும் பழைய படத்தைப் பார்த்து வாப்பாவின் தாடியை அதே அளவுக்குக் கத்தரித்துவிடுவாள்.

தாடி நரைத்த நாளிலிருந்து பெருநாளுக்குப் பெருநாள் அதற்கு மருதாணி போடுகிறவர் வாப்பா. இந்த வருஷம் மகளுக்காக வெள்ளைத் தாடியோடு தொழப் போனார். “என்ன பாய், மேலுக்குச் சுகமில்லையா?” என்று பள்ளிவாசலே விசாரித்தது. எல்லோருக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு வந்தார்.

அப்படிப்பட்டவர்தான் இன்று காலை பட்டறை வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றினார்.

ரோஹிணியின் கையிலிருந்த டீ சிந்தியது.

“அங்கிள்! யே க்யா கியா? என்ன பண்ணிட்டீங்க?”

தாடி, நாக்பூர் ஆரஞ்சு நிறத்தில் ஜொலித்தது.

கேமராமேன் சந்துரு கேமராவிலிருந்து கண்ணை எடுத்து ஒருமுறை பார்த்தான். மறுபடி கேமரா வழியாகப் பார்த்தான். “கலர் செட்டிங்ல ஏதோ தப்புன்னு நினைச்சேன். இல்ல, தாடிதான்” என்றான்.

“என்ன எல்லாரும் இப்படிப் பாக்குதீய? நல்லா இல்லையா?” என்றார் வாப்பா.

“நல்லாத்தான் இருக்கு அங்கிள். ஆனா காலைல வெள்ளை, ஈவ்னிங்ல ஆரஞ்சு. ஒரே நாள்ல கைஸே, எப்படி?” தமிழை யோசித்து யோசித்துப் பேசும் ரோஹிணிக்கு அழுகை வந்தால் இந்தியும் சேர்ந்து வரும்.

சத்தம் போட்டே கோபத்தைத் தீர்த்துக்கொள்கிற குடும்பத்தில் பிறந்து, சத்தமில்லாமல் கோபப்படக் கற்றுக்கொண்டவள் ஆஃபியா. போய் லேத்துக்குப் பக்கத்தில் கிடந்த மரப்பெட்டியில் உட்கார்ந்தாள். அவள் பேசியிருந்தால் வாப்பாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பட்டறை முதலாளி இருதயராஜ் தன் மேஜை டிராயரிலிருந்து முகப்பவுடர் டப்பாவை எடுத்துவந்தார். தூத்துக்குடிக்காரர். படத்தில் போர்மேனாக நடித்த நாளிலிருந்து அந்த டப்பா அங்கே இருக்கிறது. “ஒரு நிமிசம் இருங்க பாய்” என்று தாடியில் தாராளமாகக் கொட்டித் தட்டினார்.

எல்லோரும் தள்ளி நின்று பார்த்தார்கள்.

“கேரட் அல்வாவுல தேங்காய்ப்பூ தூவுனாப்ல இருக்கு” என்றான் சந்துரு.

“நீ சும்மா இருடே. மாஸ்க்க மாட்டி விட்டா?” என்றார் இருதயராஜ்.

“கடைசி ஷாட்ல முகம்தான் அண்ணாச்சி எல்லாமே” என்றாள் ரோஹிணி.

“அப்ப படத்தையே கறுப்பு வெள்ளையா மாத்திட்டா?” என்று கேட்டான் சந்துரு.

ஆஃபியா முதன்முறையாக வாயைத் திறந்தாள். “வெள்ளைக்கும் சாம்பலுக்கும் வித்தியாசம் தெரியாத ஆடியன்ஸா பாத்து நீயே கூட்டிட்டு வா.”

வாப்பா பவுடரைத் தட்டிவிட்டுக்கொண்டு, ஆளில்லாத பக்கமாகப் பார்த்து நின்றார்.

இருதயராஜ் தொண்டையைச் செருமினார். “பாப்பா, நான் சொல்லியே ஆகணும். அஞ்சு மணிக்கு லாரி வருது. இந்த லேத்த வித்தாச்சு, சாங்லிக்குப் போகுது. சாக்கன்ல புது ஷெட்டுக்கு கம்ப்யூட்டர் மிஷின் வந்து எறங்கியாச்சு. முதுகு வலி குடுத்த சனியன், போனா எனக்கு சந்தோசம்தான். ஆனா இன்னிக்கு விட்டா காதர் பாய் வெறுந்தரையிலதான் வேலை பாக்கணும்.”

அது அவளுக்குத் தெரியும். இன்று எடுக்காவிட்டால் படத்துக்கு முடிவு இல்லை. முடிவில்லாத படங்கள் இந்த ஊரில் எத்தனையோ பேருடைய ஹார்ட் டிஸ்க்கில் தூங்குகின்றன. எப்போது பார்த்தாலும் “எடிட் நடக்குது” என்பார்கள். கேட்பவர்கள் மெல்ல மெல்லக் கேட்பதை நிறுத்திவிடுவார்கள். அந்த வரிசையில் அவளும் போய் நிற்கப்போகிறாள்.

மத்தியானம் ரிக்‌ஷா வந்து நின்றது. உம்மா சுல்தான் பீவி பிரியாணிச் சட்டியோடு இறங்கினாள். வியாழன்தோறும் பக்கத்துத் தாப்போடியில் இருக்கும் வீட்டிலிருந்து சாப்பாடு அவள் பொறுப்பு.

“ஏன் எல்லாரும் மௌத்து விழுந்த வீட்ல இருக்காப்ல இருக்கிய?” என்றபடி பைகளை இறக்கினாள். தனியாக ஒரு டப்பா மட்டும் துண்டில் சுற்றியிருந்தது. சந்துரு அதை எடுக்கப் போக, கையில் ஒரு அடி விழுந்தது.

“அதத் தொடாத. அது வேற.”

“யாருக்கு ஆன்ட்டி?”

“பசிச்சி வாரவுகளுக்கு. உனக்குச் சட்டியில கெடக்கு, போ.”

ஆஃபியா மரப்பெட்டியிலிருந்து எழுந்திருக்கவில்லை. “உம்மா, வாப்பா தாடிய நீங்க பாக்கலியா?”

“பாக்காம என்ன? நாந்தான போட்டுவிட்டேன்.”

“நீங்களா!”

“நீ சொன்னதாத்தான சொன்னாவ. ‘டைரக்டர் ஆர்டரு, சீக்கிரம் கரை’ன்னாவ. டீத்தண்ணியும் எலுமிச்சம்பழமும் ஊத்திக் கரைச்சிக் குடுத்தேன். ஏன், நீ சொல்லலியா?”

எல்லோரும் வாப்பாவைப் பார்த்தார்கள். வாப்பா லேத்தைப் பார்த்தார்.

“வாப்பா?”

கடையில் யாராவது பழைய பாக்கியைப் பற்றிப் பேசும்போதும் அவர் இப்படித்தான் நிற்பார்.

“நீதானளா சொன்ன” என்றார் கடைசியில். “போன வாரம். ‘காதர் பாய்க்குக் கடைசி நாளு. அன்னிக்கு அவரு மனசு என்ன நினைக்கும், வீட்ல என்ன செய்வாரு, யோசிச்சிட்டு வாங்க’ன்னு சொன்னியே.”

“ஆமா, சொன்னேன்.”

“யோசிச்சேன்.”

“யோசிக்கத்தானே வாப்பா சொன்னேன்!”

சந்துருவுக்குச் சிரிப்பு வந்து இருமலாக்கினான். வாப்பா அவனைக் கவனிக்கவில்லை.

“யோசிச்சுப் பாத்தா, இவ்வளவு காலம் வேலை பாத்தவன் கடைசி நாளு எண்ணெய்க் கறையோட, நரைச்ச தாடியோட, தோத்துப்போனவன் மாதிரி எதுக்கு வெளிய வரணும்? எனக்கு மனசு ஒப்பல. காதர் பாய்க்கும் ஒப்பாது.”

அவர் சொன்னது அவ்வளவுதான். ஆஃபியா திரும்பவும் பேசாமல் இருந்தாள். ஆனால் இது காலையில் இருந்த மௌனம் அல்ல. உம்மாவுக்கு மகளின் மௌனங்களில் வித்தியாசம் தெரியும். சோறு போட்டுக்கொண்டிருந்த அகப்பையை அப்படியே பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

“உம்மா, நேத்து கரைச்சது மிச்சம் இருக்கா?”

“ஃப்ரிட்ஜுல ஒரு கிண்ணம் கெடக்கு. எதுக்கு? உன் தலையில அப்பவா?”

ஆஃபியா எழுந்தாள். “காதர் பாய் காலைல வெள்ளைத் தாடியோடதான் வாராரு. அது எடுத்தாச்சு. மத்தியானம் டப்பாவைத் தொறக்குறாரு. அதுவும் எடுத்தாச்சு. ஒரு டப்பாவுல சோறு. இன்னொண்ணுல மருதாணின்னு வச்சுக்குவோம். சாப்பிட்டுட்டு இங்கயே தாடியில அப்பிக்கிறாரு. அப்பிக்கிட்டே லேத் ஓட்டுறாரு. சாயங்காலம் கழுவிட்டு...”

“மாப்பிள்ளை மாதிரி கிளம்புறாரு!” என்று முடித்தார் இருதயராஜ்.

ரோஹிணி ஃபோனில் பழைய படங்களைப் பரபரவென்று தள்ளினாள். “தீதி, ஜம்தா ஹை! ஒத்துவருது! லஞ்ச் வரைக்கும் எல்லாமே வெள்ளை. அதுக்கப்புறம் முகம் வர்ற சீன் இன்னும் எடுக்கவே இல்ல!”

உம்மா வீட்டுச் சாவியை சந்துருவிடம் நீட்டினாள். “மேல் தட்டுல எவர்சில்வர் கிண்ணம். பக்கத்துலயே புதினா சட்னி இருக்கு. மோந்து பாத்து எடுத்துட்டு வா.”

அவன் பைக் போன வேகத்தைப் பார்த்து, “சட்னியத்தான் கொண்டாரப் போறான்” என்றாள்.

அவன் சரியானதைத்தான் கொண்டுவந்தான். முன்னெச்சரிக்கையாகச் சட்னியையும் கொண்டுவந்திருந்தான்.

பச்சைச் சேறு பூசிய தாடியோடு வாப்பா லேத்தின் முன்னால் நின்றபோது, வேடிக்கை பார்க்க வந்த பக்கத்துப் பட்டறை வாட்ச்மேன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ரோஹிணி தன் ஹெட்ஃபோனை உம்மாவின் முக்காட்டின் மேல் மாட்டிவிட்டாள். “ஆன்ட்டி, ஆப் சுனோ. இன்னிக்கு நீங்க சவுண்ட் பாருங்க.” உம்மா ஹெட்ஃபோனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

வசனம் எதுவும் எழுதப்படவில்லை. “அண்ணாச்சி, வந்து ஏதாவது கிண்டல் பண்ணுங்க. வாப்பா பாத்துக்குவாங்க” என்று மட்டும் சொன்னாள் ஆஃபியா.

லேத் ஓடியது. போர்மேன் இருதயராஜ் வந்து குனிந்து பார்த்தார்.

“என்ன பாய், கல்யாணமா?”

காதர் பாய் வேலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அதெல்லாம் எப்பவோ ஆயிருச்சு.”

“அப்புறம் யாருக்கு இந்த அலங்காரம்?”

இரும்புச் சுருள் ஒன்று நீளமாக உரிந்து வந்து அறுந்து விழுந்தது. அதற்குப் பிறகுதான் பதில் வந்தது.

“நாளையில இருந்து நாள் முழுக்க இந்த மூஞ்சியத்தான் அவ பாத்துக்கிட்டு இருக்கணும். பாவம். கொஞ்சம் நல்லதா கொண்டுபோய்க் குடுப்பமேன்னுதான்.”

இருதயராஜ் அவர் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு நகர்ந்தார். ஆஃபியா ‘கட்’ சொல்ல மறந்து நின்றாள். லேத் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

பெஞ்சில் உம்மா முக்காட்டைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். “இந்த வயசுல பேச்சப் பாரு” என்றாள், யாரையும் பார்க்காமல். ஆனால் ஹெட்ஃபோனை வெகுநேரம் கழற்றவில்லை.

அஞ்சு மணி என்று சொன்ன லாரி நாலரைக்கே வந்து ஹாரன் அடித்தது. வெளிச்சம் சாய்ந்து, கேட் வரைக்கும் மஞ்சளாக விழுந்தால்தான் கடைசிக் காட்சி. அதற்கு இன்னும் நேரம் வேண்டும். ஆஃபியா கையைப் பிசைந்தாள். உம்மா தட்டில் பிரியாணியோடு லாரி டிரைவரிடம் போனாள்.

“பையா, பெஹ்லே கானா.”

டிரைவர் சாங்லிக்கு நேரமாகிறது என்றார். உம்மா தட்டைக் கையில் வைத்தாள். முதல் கவளத்துக்குப் பிறகு அவர் சாங்லியைப் பற்றிப் பேசவில்லை. இரண்டாம் முறை அவரே தட்டை நீட்டினார்.

வாப்பா தாடியைக் கழுவிவிட்டு வந்தார். காலையில் இருந்ததைவிட நிறம் ஏறியிருந்தது. காலடிச் சத்தத்துக்காக கேட் பக்கத்தில் ஒரு பெயிண்ட் டப்பாவின் பின்னால் ரோஹிணி மைக்கை ஒளித்துவைத்தாள்.

“வாப்பா, லேத்த நிப்பாட்டுங்க. கையத் தொடைங்க. டப்பாவ எடுத்துக்கிட்டு கேமராவத் தாண்டி வெளிய போங்க. திரும்பிப் பாக்க வேண்டாம்.”

“சரி.”

“ஆக்‌ஷன்.”

காதர் பாய் சுவிட்சை அணைத்தார். சுழற்சி மெல்ல மெல்லக் குறைந்து நின்றது. பழைய துணியில் விரல் விரலாகத் துடைத்தார். சுவரில் பதித்த உடைந்த கண்ணாடியில் தாடியை ஒருமுறை பார்த்து, திருப்தியாகத் தலையசைத்தார். டப்பாவை எடுத்துக்கொண்டு நடந்தார். கேமரா மெல்லத் திரும்பி அவர் பின்னால் போனது.

கேட்டில் அவர் நின்றார்.

அது காட்சியில் இல்லை. சந்துரு அசையவில்லை. வெயில் அவர் தோளில் விழுந்திருந்தது. நின்ற ஆள் திரும்பிப் பார்க்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை, நின்றார். தான் எழுதியிருக்க வேண்டிய இடம் அதுதான் என்று ஆஃபியாவுக்குத் தோன்றியது. பிறகு அவர் கேட்டைத் தாண்டி, இடப்பக்கம் திரும்பி மறைந்தார்.

“கட்!”

கைதட்டல், விசில், இருதயராஜ் சந்துருவைக் கட்டிப்பிடித்தது எல்லாம் ஒன்றாக நடந்தது. வாப்பா திரும்பி வந்தபோது அவருக்கும் கைதட்டினார்கள். அவர் லேசாகச் சிரித்துவிட்டு, கேட் பக்கம் ஒருமுறை பார்த்தார். அதற்குள் லாரி பின்பக்கமாக உள்ளே வந்து வாசலை மறைத்துவிட்டது. சங்கிலி கட்டி லேத்தைத் தூக்க ஆரம்பித்தார்கள்.

எல்லோரும் சின்ன மானிட்டரைச் சுற்றி நின்று கடைசிக் காட்சியைப் போட்டுப் பார்த்தார்கள்.

“தீதி, ருக்கோ, நிறுத்துங்க” என்றாள் ரோஹிணி. “பின்னாடி யாரோ நிக்கறாங்க. ஃப்ரேம்ல வந்துட்டாங்க. டேக் போச்சு.”

கேட்டுக்கு வெளியே, சாலைக்கு அந்தப் பக்கம், மங்கலாக ஓர் உருவம். லேத் தரையிலிருந்து ஏற்கெனவே உயர்ந்துவிட்டது. மறுபடி எடுக்க வழியில்லை. ஆஃபியா படத்தை நிறுத்திப் பெரிதாக்கினாள்.

பைக் பக்கத்தில், ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தவன் அஸ்ஃபாக் காக்கா.

வாப்பா குனிந்து திரையைப் பார்த்தார்.

“நான் நிக்கச் சொல்லலியே வாப்பா” என்றாள் ஆஃபியா மெதுவாக. “காதர் பாய் அங்க எதுக்கு நின்னாரு?”

“காதர் பாய் நிக்கல” என்றார் அவர். “நாந்தான் நின்னேன்.”

அவள் அந்தக் காட்சியை மறுபடி ஓட்டினாள். வாப்பா நிற்கிறார். அந்தப் பக்கம் மகன் நிற்கிறான். இருவரும் ஒரே அளவு நேரம் நிற்கிறார்கள். இதை வெட்ட முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது.

“உம்மா, இங்க வந்து பாருங்க.”

பெஞ்சில் உம்மா இல்லை. துண்டில் சுற்றிய டப்பாவையும் காணோம்.

ரெக்கார்டரில் சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. கேட் பக்கத்து மைக்கை யாரும் அணைக்கவில்லை. ஆஃபியா ஹெட்ஃபோனை எடுத்துக் காதில் வைத்தாள். முதலில் சங்கிலிச் சத்தம். அதற்குப் பின்னால் உம்மாவின் குரல்.

“இப்படி லாரிக்குப் பின்னால நின்னுக்கிட்டுத் திங்கணும்னு உனக்கு என்ன தலையெழுத்து? உள்ள வாலே.”

டப்பா மூடி திறக்கும் சத்தம். பிறகு, சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு குரல்:

“உம்மா... வாப்பா தாடிக்கு என்ன ஆச்சு?”

ஆஃபியா ஹெட்ஃபோனைக் கழற்றி வாப்பாவிடம் நீட்டினாள். அவர் தயங்கினார். வாங்கி மாட்டிக்கொண்டார்.

சந்துருவின் கை கேமராவுக்குப் போனது. அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

கேட் பக்கம் என்ன பேசிக்கொண்டார்கள் என்று அவளுக்குத் தெரியாது. வாப்பா கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் அவர் கை தானாக மேலே போய்த் தாடியைத் தடவியது. உதடு ஒருமுறை அசைந்தது. அங்கிருப்பவர்களுக்குக் கேட்காது என்பது நினைவு வந்தவர்போல நிறுத்திக்கொண்டார்.

பிறகு ஹெட்ஃபோனைக் கழற்றி மரப்பெட்டியின் மேல் பத்திரமாக வைத்தார். காதர் பாயின் சட்டையில் ஒட்டியிருந்த இரும்புத் தூளைத் தட்டிவிட்டார். லாரியைச் சுற்றிக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தார்.

இந்த முறை யாரும் ஆக்‌ஷன் சொல்லவில்லை.